மீட்டர் மாப்ளைக்கு நாலு வார்த்தை

வாங்க மாப்ள, உக்காருங்க. அந்த மீட்டரை மட்டும் சட்டைப் பையில போட்டுட்டு உக்காருங்க. போன தடவை வந்தப்ப உங்க ஆயா வெச்ச ரசத்துல அதை விட்டுப் பார்த்தீங்க. அது கணக்குக்கு மேல போயி கண்ணைச் சிமிட்டிச்சு. நீங்க வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லலை, புருவத்தை மட்டும் தூக்கினீங்க. அன்னியிலேர்ந்து கிழவி என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்லை. அம்பது வருஷமா அந்த ரசத்தைக் குடிச்சுகினு உசுரோட இருக்கிறவன் நான். கோவம் உங்க மேல வரணும், என் மேல ஏன் வருதுன்னு தெரியலை. மாப்ளையைக் கோவிச்சுக்கக் கூடாதுன்னு ஊருக்குள்ள ஒரு மொறை இருக்குதே, அதான்.

அப்பால இளநீர்ல விட்டீங்க. கோயில் தீர்த்தத்துல விட்டீங்க. டீக்கடையில கிளாஸ் அலம்புற வாளியில விட்டீங்க, அது நல்ல காரியம், அதுக்கு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். டிடிஎஸ் மீட்டரோட ஒரு மாப்ள வந்துட்டாருன்னு நம்ம ஊர் பாரிவாக்கம் பூரா பேச்சு. முன்னல்லாம் மாப்ளைக்கு நாங்க வாட்ச் போடுவோம், வர்ற போறவங்களுக்கெல்லாம் அவரு மணி பார்த்துச் சொல்வாரு. நீங்க நம்பர் பார்த்துச் சொல்றீங்க. படிச்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும்.

ஆனா ஒண்ணு கேக்கணும். அந்தக் குச்சி இன்னாத்தை எண்ணுது?

தண்ணியில கரைஞ்சு கிடக்கிற உப்பு, சுண்ணாம்பு, மக்னீசியம் எல்லாத்தையும் எண்ணுதுன்னு சொல்வீங்க. அதான் இல்லை மாப்ள. அதுக்குக் கீழே ரெண்டு சின்னக் கம்பி இருக்குது பாருங்க, அதுங்களுக்கு நடுவுல கரண்ட் எவ்வளவு சுலபமா ஓடுதுன்னு பார்க்குது, அவ்வளவுதான். உப்பு கரைஞ்ச தண்ணியில கரண்ட் ஓடும், உப்பில்லாத தண்ணியில ஓடாது. ஓடின கரண்ட்டை ஒரு எண்ணால பெருக்கி, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்னு ஒரு குத்துமதிப்பைக் காட்டுது. அந்தப் பெருக்குற எண்ணு எல்லா மீட்டர்லயும் ஒண்ணு கிடையாது. ஒரு கம்பெனி 0.5ன்னு வெச்சிருப்பான், இன்னொருத்தன் 0.7ன்னு வெச்சிருப்பான். கரண்ட் கணக்குல ஆயிரம் மைக்ரோசீமென்ஸ் இருக்கிற அதே சொம்புத் தண்ணி ஒரு மீட்டர்ல 500, இன்னொரு மீட்டர்ல 700. உங்க அபார்ட்மெண்ட்ல ரெண்டாம் மாடிக்கும் மூணாம் மாடிக்கும் இதை வெச்சு வாட்ஸ்அப்ல சண்டை நடந்துச்சாமே, என் பேத்தி பாப்பா சொல்லிச்சு. ரெண்டு பேரும் ஒரே போர் தண்ணியத்தான் குடிக்கிறாங்க. சண்டை தண்ணியில இல்லை மாப்ள, மீட்டர்ல.

நெசமாவே எவ்வளவு கரைஞ்சிருக்குதுன்னு பார்க்கணும்னா லேப்ல வேற வழி. தண்ணிய வடிகட்டி, கிண்ணத்துல ஊத்தி சுண்ட வெச்சு, 180 டிகிரி சூட்டுல காய வெச்சு, அடியில ஒட்டினதை நிறுத்துப் பார்ப்பாங்க. நம்ம வெந்நீர் அண்டா அடியில வெள்ளையா ஒட்டியிருக்குதே, அதையே தராசுல போட்டுப் பார்க்கிற வேலை. உங்க ஆயா அந்த வெள்ளையை வருஷா வருஷம் புளி போட்டுத் தேய்ச்சு எடுத்தவ. அவளுக்கு யாரும் டிகிரி கொடுக்கலை.

நம்பலைன்னா ஒரு விளையாட்டு காட்றேன். ஆர்ஓ தண்ணி ஒரு டம்ளர் பிடிங்க. அதுல மூணு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்குங்க. மீட்டரை விடுங்க. என்ன ஆச்சு? நம்பர் அசையலை. வாயில வெச்சா பாயசம், மீட்டர்ல பார்த்தா சுத்தமான தண்ணி. இப்ப கல்லுப்பு ரெண்டே ரெண்டு போட்டுக் கலக்குங்க. குதிக்குதா? சர்க்கரை கரைஞ்சாலும் கரண்ட்டைக் கடத்தாது, அதனால மீட்டர் கணக்குல அது கரையவே இல்லை. கல்யாணப் பந்தியில இலை எண்ணுறவனை வெச்சுப் பார்த்துக்குங்க. எத்தனை பேரு உக்காந்தாங்கன்னு கரெக்டா சொல்வான். அதுல எவன் பொண்ணு வீடு, எவன் மாப்ள வீடு, எவன் எந்த வீடும் இல்லாம செருப்பு திருட வந்தவன்னு கேட்டா, அது அவன் வேலை இல்லை.

அந்தச் செருப்புத் திருடனைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும்.

குடிதண்ணிக்குன்னு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒரு தரம் போட்டிருக்குது, ஐஎஸ் 10500ன்னு பேரு, 2012ல திருத்தினது. அதுல டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சு கிடக்கிற மொத்தமும், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருந்தா நல்லது, வேற தண்ணிக்கு வழியே இல்லாத ஊர்ல 2,000 வரைக்கும் பொறுத்துக்கலாம்னு போட்டிருக்குது. உங்களுக்கு இந்த ஒரு வரிதான் தெரியும். அதே பட்டியல்ல ஈயம்னு ஒரு வரி, ஆர்சனிக்னு ஒரு வரி. ரெண்டும் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உங்க மீட்டர்ல நம்பர் ஒண்ணு ஏறணும்னா ஒரு மில்லிகிராம் கூடணும். கணக்குப் போடுங்க, நீங்கதான் கம்ப்யூட்டர் ஆளு. ஈயம் அளவுக்கு மேல நூறு மடங்கு சேர்ந்தாலும் உங்க மீட்டர் 82ங்கிறதை 83ன்னு காட்டும். அந்த ஒண்ணைப் பார்த்து நீங்க பதறுவீங்களா? பேட்டரி வீக்குன்னு சொல்லிட்டு மூடி வெச்சிடுவீங்க.

கிருமி இருக்குதே, அது இந்தக் கணக்குலயே வராது. நூறு மில்லி தண்ணியில ஈ.கோலை ஒண்ணு கூட இருக்கக் கூடாதுன்னு அதே தரத்துல போட்டிருக்குது. லட்சக்கணக்குல இருந்தாலும் மீட்டருக்குத் தெரியாது. மழைத் தண்ணியில விட்டுப் பாருங்க, ரெண்டு டிஜிட் காட்டினா அதிகம். நீங்க வாங்குற கேன் தண்ணியே தோத்துடும். ஆனா அது வழிஞ்சு வந்த மொட்டை மாடியில காக்கா இன்னா பண்ணிட்டுப் போச்சோ, அதை நம்பர் சொல்லாது.

இதுக்கு வேற பாட்டில் இருக்குது மாப்ள, உங்க மீட்டர் விலையில பல பாட்டில் வாங்கலாம். குவாலியர்ல ராணுவத்தோட ஆராய்ச்சிக் கூடம் ஒண்ணு இருக்குது. அங்க மஞ்சாங்கிறவரும் கூட இருந்தவங்களும் 1982ல எழுதி வெச்ச வழி. மருந்து தோய்ச்ச காகிதம் உள்ள இருக்கிற சின்ன பாட்டில். கோடு வரைக்கும் தண்ணிய ஊத்தி மூடி, ஒரு நாள், ரெண்டு நாள் அப்படியே வெச்சிடணும். மலக்கழிவு கலந்த தண்ணின்னா கருப்பாயிடும். பேட்டரி கிடையாது, நம்பர் கிடையாது, அதனால போட்டோ எடுத்துப் போடவும் அழகா இருக்காது. அதான் உங்க அபார்ட்மெண்ட்ல எவரு வீட்டுலயும் அது இல்லை. மீட்டர் மட்டும் வீட்டுக்கு ஒண்ணு.

இதைச் சொன்னதும் ஞாபகம் வருது. பூந்தமல்லி பக்கத்துலேர்ந்து ஆர்ஓ மிஷின் விக்க ஒரு தம்பி வந்தாரு. பேரு வேணாம், கம்பெனியும் வேணாம், பொழைக்க வந்த புள்ளை. வழவழன்னு சட்டை, கழுத்துல அட்டை, கையில பொட்டி. நம்ம திண்ணையில ரெண்டு கண்ணாடி டம்ளர் வெச்சாரு. ஒண்ணுல நம்ம வீட்டுத் தண்ணி, இன்னொண்ணுல அவரோட மிஷின் தண்ணி. பொட்டியிலேர்ந்து கம்பி வெச்ச கருவி ஒண்ணை எடுத்து, பிளக்கைச் சொருகி, ரெண்டு டம்ளர்லயும் கம்பிங்களை முக்கினாரு. கொஞ்ச நேரத்துல நம்ம டம்ளர் பச்சையாச்சு, பழுப்பாச்சு, மேல நுரை, கீழ கசடு, பார்க்கவே குமட்டுது. அவரு டம்ளர் பளிங்கா நிக்குது. ‘தாத்தா, இத்தனை நாளா நீங்க குடிச்சது இதைத்தான்’னாரு. கிழவி நெஞ்சைப் பிடிச்சுகினா. பக்கத்து வீட்டுக்காரி அப்பவே அட்வான்ஸ் கொடுக்கப் போயிட்டா.

எனக்கும் பயம்தான். ஆனா பயந்தவன் உடனே ஓடக் கூடாது, கொஞ்சம் மோர் குடிக்கணும். ‘தம்பி, வெயில்ல வந்திருக்கீங்க, மோர் சாப்புடுங்க’ன்னு உள்ள போயி ரெண்டு டம்ளர் மோரோட வந்தேன். கூடவே கையில சிட்டிகை உப்பு. அவரு மோர் குடிக்க அண்ணாந்தப்ப, அவரோட பளிங்குத் தண்ணியில உப்பைப் போட்டுட்டேன். அப்பால, ‘தம்பி, எங்க வீட்டுப் பெரியவன் பார்க்கலை, இன்னொரு தரம் காட்டுங்க’ன்னேன். பாவம், காட்டினாரு. அவரோட தண்ணி நம்ம தண்ணிய விட மோசமாப் பொங்கிச்சு. பழுப்பு, பச்சை, நுரை, ஒண்ணும் பாக்கியில்லை.

சமாச்சாரம் இதான். அந்தக் கம்பியில ஒண்ணு இரும்பு, இன்னொண்ணு அலுமினியம். உப்பு இருக்கிற தண்ணியில கரண்ட் ஓடும், ஓடினா இரும்பே கரைஞ்சு துருவாகும், அலுமினியம் வெள்ளைக் கசடாகும். டம்ளர்ல மிதந்தது நம்ம தண்ணியோட அழுக்கில்லை, அவரோட கம்பி. உப்பில்லாத ஆர்ஓ தண்ணியில கரண்ட் ஓடாது, கம்பி கரையாது, தண்ணி பளிங்கா நிக்கும். தண்ணி கெட்டதா நல்லதாங்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. தம்பி பொட்டியைக் கட்டிட்டாரு. போகும்போது ‘மோர்ல உப்பு தூக்கல் தாத்தா’ன்னாரு. புத்திசாலிப் புள்ளை, நல்லா வருவாரு.

அதுக்காக அந்த மிஷினே பொய்யின்னு நான் சொல்லலை. அதுல இருக்கிற மெம்பரேன் சாமானியப்பட்டதில்லை. அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்கிற கலிபோர்னியா யுனிவர்சிட்டியில 1960ஐ ஒட்டி சிட்னி லோப்னு ஒருத்தரும் சீனிவாச சௌரிராஜன்னு ஒருத்தரும் சேர்ந்துதான் வேலைக்கு ஆகுற மாதிரி அந்தச் சவ்வைச் செஞ்சாங்க. சௌரிராஜன்! திருக்கண்ணபுரத்துப் பெருமாள் பேரு. 1965ல கோலிங்காங்கிற சின்ன ஊர்ல, கிணத்துல உப்புத்தண்ணி ஊறுற ஊரு, அங்க வெச்சுக் குடிக்கக் கொடுத்தாங்க. நம்ம மீஞ்சூர்ல 2010ல கடல் தண்ணிய நல்ல தண்ணி ஆக்க ஆரம்பிச்சாங்களே, நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர்னு கட்டினது, அதுவும் அதே வித்தைதான். கடல் தண்ணியில லிட்டருக்கு 35,000 மில்லிகிராம் கிடக்கும். அதைக் குடிக்க வைக்கிற சவ்வு மாப்ள. நம்ம பக்கத்து போர் தண்ணி கரிச்சா அதை வெச்சுக்கிறதுல தப்பே இல்லை. பருப்பு வேகாத தண்ணி, சோப்பு நுரைக்காத தண்ணி, அதோட மல்லுக்கட்டினவங்களுக்குத் தெரியும் அதோட அருமை. ஈயம் இருந்தாலும் சவ்வு நல்லா இருந்தா பெரும்பங்கு வெளிய தள்ளிடும். அதுலயும் பொய்யில்லை.

என் வயித்தெரிச்சல் வேற இடத்துல. உங்க அபார்ட்மெண்ட்ல இப்ப போட்டி நடக்குதாமே. ஒருத்தர் வீட்டுல 40. அதைப் பார்த்து இன்னொருத்தர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு 25 ஆக்கிட்டாரு. நீங்க 9க்குக் கொண்டாந்துட்டீங்கன்னு பாப்பா பெருமையா சொல்லிச்சு. அடுத்த மாசம் பூஜ்ஜியத்தைத் தொட்டுட்டு மைனஸ்ல இறங்கிடுங்க, ஊர் மானம் காப்பாத்துங்க. உலக சுகாதார நிறுவனம் டிடிஎஸ்ஸுக்கு உடம்பை வெச்சு ஒரு எல்லையே போடலை, தெரியுமா? 600க்குக் கீழ இருந்தா ருசியா இருக்கும், 1,000க்கு மேல போனா குடிக்கப் பிடிக்காதுன்னு நாக்கைத்தான் சொல்லியிருக்குது. ரொம்ப இறங்கினாலும் சப்புனு போயிடும்னும் சொல்லியிருக்குது. உங்க 9ஐ நான் குடிச்சுப் பார்த்தேன். வாயில ஊத்தினது தெரிஞ்சுது, என்ன ஊத்தினேன்னு தெரியலை. உப்பைத் துரத்துற சவ்வு சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம் எதையும் வீட்டுக்குள்ள விடாது, அதுக்கு ஆள் பார்த்து அனுப்பத் தெரியாது. அப்பால நீங்களே தனியா காசு கொடுத்து மினரல் கார்ட்ரிட்ஜ் வாங்கி மாட்டுறீங்க. வாசல் வழியா துரத்தினவனைக் கொல்லைப்புறமா காசு கொடுத்துக் கூப்பிடுறது பெரிய மனுஷங்க வீட்டுப் பழக்கம், நான் கேக்கக் கூடாது.

ஒன்பதுக்கு ஆசைப்பட்டு நீங்க தள்ளுற தண்ணிய பார்த்தீங்களா? சின்ன மிஷின் ஒரு லிட்டர் கொடுக்க மூணு லிட்டர் வெளிய விடும். 2019 மே மாசம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டிடிஎஸ் 500க்குக் கீழ இருக்கிற தண்ணிக்கு ஆர்ஓ வைக்கக் கூடாது, வைக்கிற இடத்துலயும் நூத்துக்கு அறுபதாவது நல்ல தண்ணியா வரணும், அதுக்கு விதி போடுங்கன்னு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குச் சொல்லிச்சு. மே மாசம்னா ஞாபகம் வெச்சுக்குங்க. அந்தக் கோடையிலதான் தோ பக்கத்துல செம்பரம்பாக்கம் வெடிச்சுக் கிடந்துச்சு. நாலு வருஷம் முன்ன 2015ல ஊரையே மிதக்க விட்ட ஏரி. ஜூலை 12ந் தேதி ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல தண்ணி வந்துச்சு. அம்பது வேகன், இருபத்தஞ்சு லட்சம் லிட்டர். வில்லிவாக்கத்துல வந்து நின்னுச்சு. அன்னிக்கு ராத்திரியும் மெட்ராஸ் பூரா சமையல்கட்டுல கருப்பு டியூபு வழியா மூணு மடங்கு தண்ணி சாக்கடைக்குப் போயிகினுதான் இருந்துச்சு. ரயில் எவ்வளவு கொண்டாந்துச்சுன்னு பேப்பர்ல போட்டான், டியூபு எவ்வளவு கொண்டு போச்சுன்னு யாரும் போடலை.

அந்தத் தண்ணிய வாளியில பிடிங்க. பாத்ரூம் கழுவுங்க, தரை துடைங்க, மிதியடி அலசுங்க. செடிக்கு ஊத்தறதுன்னா தென்னைக்கு ஊத்துங்க, அது உப்பு தாங்கும். பாப்பா வெச்சிருக்கிற ரோசாவுக்கு ஊத்தாதீங்க. நெறைய பேரு அதைத்தான் ஊத்திட்டு, நர்சரிக்காரன் ஏமாத்திட்டான்னு சொல்லிகினு திரியுறாங்க.

சரி, மீட்டரைத் தூக்கிப் போட்டுடட்டுமான்னு கேக்காதீங்க. அதுக்கு ஒரு வேலை இருக்குது, அதை நல்லாவே செய்யும். நீங்கதான் அந்த வேலையைக் கொடுக்கலை. அது தண்ணிக்குச் சர்ட்டிபிகேட் கொடுக்கிற ஆபீசர் இல்லை, உங்க மெம்பரேனுக்குக் காவல். அதுக்கு ஒரு நம்பர் போதாது, ரெண்டு வேணும்.

எப்படின்னா, உள்ள போற தண்ணிய ஒரு தரம் பாருங்க, வெளிய வர்ற தண்ணிய ஒரு தரம் பாருங்க. கணக்குக்கு உள்ள 1,200, வெளிய 60ன்னு வெச்சுக்குங்க. 1,140 போயிடுச்சு. நூத்துக்கு 95. சவ்வு நல்லா இருக்குது. கோடையில போர் கீழ போகப் போக உப்பு ஏறும். உள்ள 1,800 ஆகுது, வெளிய 90 காட்டுது. நீங்க ஐயோ 60 தொண்ணூறாயிடுச்சேன்னு மெக்கானிக்குக்குப் போன் போடுவீங்க. அவரு வந்து மெம்பரேன் போச்சு சார்னு ஒரு பில்லு போடுவாரு. ஆனா இப்பவும் நூத்துக்கு 95தான் மாப்ள, சவ்வுக்கு ஒண்ணும் ஆகலை. இப்ப ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டுது, போர் தண்ணி 600க்கு இறங்குது, வெளிய அதே 60. நீங்க நம்பர் மாறலைன்னு கால் நீட்டித் தூங்குவீங்க. கணக்குப் போடுங்க, நூத்துக்கு 90 ஆயிடுச்சு. சவ்வு தளர ஆரம்பிச்சிருக்குது. 120ன்னு வந்தா எண்பது. அப்ப மாத்துற நேரம்னு அர்த்தம். பயப்பட வேண்டிய நாள்ல தூங்கி, தூங்க வேண்டிய நாள்ல பயந்து, நடுவுல மெக்கானிக் வீடு கட்டிட்டாரு.

இன்னொரு சூட்சுமம். மிஷினுக்குள்ள டிடிஎஸ் கன்ட்ரோலர்னு ஒரு திருகாணி இருக்குது. அதைத் திருகினா நம்பர் ஏறும், இறங்கும். மந்திரம் ஒண்ணுமில்லை, சவ்வுல போகாத தண்ணிய கொஞ்சம் நல்ல தண்ணியில கலக்குறது. மெக்கானிக் கையில ஸ்க்ரூடிரைவர் இருக்கிற வரைக்கும் நீங்க கேக்கிற நம்பர் கிடைக்கும். அதனால சவ்வு எப்படி இருக்குதுன்னு பார்க்க, அதுலேர்ந்து நேரா வர்ற குழாய்லயே பிடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. கலந்த தண்ணிய வெச்சுக் கணக்குப் போட்டா அது திருகாணிக்குப் போட்ட மார்க்கு.

பாப்பா ஊருக்குப் போயி நாலு நாள் மிஷின் சும்மா கிடந்துச்சுன்னா, திரும்பி வந்து பிடிக்கிற முதல் டம்ளர் நம்பர் எகிறும். சவ்வுக்கு அந்தப் பக்கத்து உப்பு மெதுவா இந்தப் பக்கம் கசிஞ்சிருக்கும். அதைக் கீழ விட்டுட்டு கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாருங்க. அதை விட்டுட்டு ராத்திரி பதினோரு மணிக்கு கஸ்டமர் கேர் பொண்ணோட சண்டை போடாதீங்க, அது எந்த ஊர்ப் புள்ளையோ. அப்பறம் ரசத்துல விட்ட கம்பியைக் கழுவாம தண்ணியில விட்டா, காட்டுறது உங்க ஆயாவோட உப்பு. கழுவித் துடைச்சு வெக்கணும். 1413ன்னு போட்ட பரிசோதனைத் தண்ணி சின்னப் பாட்டில்ல விக்கிது, அதுல விட்டு மீட்டர் ஒழுங்கா இருக்குதான்னு பார்த்துக்கணும். அதுல காட்டுறது மைக்ரோசீமென்ஸ், மில்லிகிராம் இல்லை, குழப்பிக்காதீங்க.

ஒரு நோட்டு போடுங்க. தேதி, உள்ள, வெளிய, மூணே கட்டம். பாப்பாவோட மளிகைக் கணக்கு நோட்டுல கடைசிப் பக்கம் போதும். மீட்டர்ல தெரியாத சங்கதிக்கு வேற கட்டம் போடுங்க. புற ஊதா லைட்டு வருஷத்துக்கு ஒரு தரம் மாத்தணும். நீலமா எரியுதேன்னு நம்பக் கூடாது, எரிஞ்சுகினே கிருமியைக் கொல்ற வலுவை இழந்துடும். கார்பன் பில்டர் தீர்ந்தாலும் நம்பர் மாறாது. குழாய்த் தண்ணியில வர்ற குளோரின் வாசனை டம்ளர்லயும் வந்தா கண்டுபிடிச்சுக்கலாம். தண்ணி நூலா வருது, நம்பர் நல்லா இருக்குதுன்னா முன்னால இருக்கிற பில்டர் அடைச்சிருக்கலாம், அதைப் பார்க்காம மெம்பரேனுக்குப் பணம் கொடுத்துடாதீங்க. வருஷத்துக்கு ஒரு தரமாவது குடிநீர் வடிகால் வாரியத்து லேபுல, இல்லைன்னா கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல கொடுத்துப் பாருங்க. கேனைக் கழுவிப் பிடிச்சுகினு போயிடக் கூடாது. கிருமி பார்க்க அவங்க சொல்ற பாட்டில்ல, அவங்க சொல்ற மாதிரி பிடிச்சு, சீக்கிரம் கொண்டு போகணும். கட்டணம் உண்டு. நீங்க மீட்டருக்குக் கொடுத்ததைச் சொல்லி என்கிட்ட பேரம் பேசாதீங்க.

கேன் தண்ணியைப் பத்தி ஒரே வார்த்தை. மூடியில சீல் இருக்குதா, தேதி இருக்குதா, வெயில்ல நின்ன வண்டியிலேர்ந்து இறக்குறானா, உள்ளே ஓரத்துல பச்சை தட்டியிருக்குதா, இதைப் பாருங்க. நீங்க இதையெல்லாம் விட்டுட்டு நேரா குச்சியை விட்டு ‘35, சூப்பர்’னு சொல்றதைக் கேட்டுத்தான் அந்தப் பையன் சிரிச்சுகினே போனான். அவன் சிரிச்சதை நீங்க மரியாதைன்னு நினைச்சீங்க.

கடைசியா ஒண்ணு மாப்ள, கோவிச்சுக்கக் கூடாது. உங்க மீட்டர் நல்லாவே வேலை செய்யுது, மிஷினும் நல்ல மிஷின். மிஷினுக்குள்ள போறதுக்கு முன்னால அந்தத் தண்ணி எங்க தூங்குதுன்னு பார்த்தீங்களா? மொட்டை மாடி டேங்குல. மூடி கடைசியா எப்ப தொறந்தீங்க? தெரியாதா? பரவாயில்லை, ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது. எங்க வீட்டு டேங்கையும் ரொம்ப நாளா யாரும் பார்க்கலை. பல்லி விழுந்திருக்கலாம், இலை விழுந்திருக்கலாம், அடியில சேறு நிச்சயம். எதுவும் உங்க நம்பர்ல வராது. தண்ணிய வடிய விட்டு, பிரஷ் போட்டுத் தேய்ச்சு, பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தி, கொஞ்ச நேரம் ஊற விட்டு, நல்லாக் கழுவி விட்டுட்டா முடிஞ்சுது.

எனக்கு முட்டி வலி, ஏற முடியாது. கிழவி ஏறுவா, ஆனா ரசம் விஷயத்துல இன்னும் கோவமா இருக்கா. ஏணி கிணத்தடியில சாஞ்சு கிடக்குது. பிரஷ்ஷும் பவுடரும் வாங்கி மாடிப்படிக்கட்டுல வெச்சுட்டேன், நீங்க வர்றீங்கன்னு பாப்பா நேத்தே போன்ல சொல்லிச்சு. சட்டையைக் கழட்டிக் கொடுங்க, மீட்டர் நனைஞ்சுடப் போகுது. நான் கீழ நின்னு ஏணியைப் பிடிச்சுக்கிறேன்.